ஒருமுறை திருட்டு நடந்த வீடு: பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

புதுவாசல்

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது, யாரோ எங்கள் வீட்டுப் பின்கதவை நெம்பித் திறந்து உள்ளே புகுந்துவிட்டார்கள். ஒரு மடிக்கணினி, சிறிதளவு பணம், என் தந்தையார் அணிந்திருந்த பழைய கைக்கடிகாரம் ஆகியவை போயின. பொருளின் மதிப்பு பெரிதில்லை. ஆனால் துணிமணிகள் எல்லாம் தரையில் இறைந்து கிடந்த படுக்கையறையைப் பார்த்த நாளிலிருந்து என் மகள் தனியாக அந்த அறைக்குள் போக மறுக்கிறாள். எனக்கும் இரவில் சிறு ஓசை கேட்டாலே உறக்கம் கலைந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் புகார் பதிந்திருக்கிறோம்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. நான்கு பக்கமும் கேமரா வைக்க வேண்டும் என்பது கணவரின் எண்ணம். எல்லா ஜன்னல்களுக்கும் இரும்புக் கிராதி பற்றவைத்துவிட்டால் கவலை தீரும் என்கிறார் மாமியார். பூட்டு விற்பவர் ஒருவர், உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டை முன்கதவுக்குப் பரிந்துரைத்தார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய எங்களால் இயலாது. பின்கதவின் பூட்டு இன்னும் பூட்டியபடியே, நாக்கு நீட்டியபடியே இருக்கிறது. நிலையின் மரம்தான் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்துவிட்டது. தற்போதைக்கு ஒரு பலகையை அறைந்து வைத்திருக்கிறோம். வீட்டில் 75 வயது மாமியாரும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உளியும் இழைப்புளியும்

அம்மா, நடந்தது கேட்டு வருந்துகிறேன். கதவு, நிலை செய்யும் தொழிலில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில், நீங்கள் கடைசியாக எழுதிய செய்தியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பூட்டு தோற்கவில்லை, பூட்டைத் தாங்க வேண்டிய மரம் தோற்றிருக்கிறது. நெம்பித் திறக்கப்பட்ட கதவுகளைப் பழுது பார்க்கப் போகும்போது நான் அதிகம் காண்பது இதைத்தான். பூட்டுக்குச் செலவு செய்யும் வீட்டார், அந்தப் பூட்டின் நாக்கு நுழைந்து நிற்கும் தகட்டை எதைக் கொண்டு நிலையில் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே இல்லை.

ஒரு திருப்புளியை எடுத்து, முன்கதவு நிலையில் உள்ள அந்தத் தகட்டின் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது விரல் கணு அளவுதான் இருக்கும். அவ்வளவு குட்டையான திருகாணி நிலையின் மேல்தோலை மட்டுமே பிடித்திருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு கடப்பாரை நுழைந்துவிட்டால், அந்தத் தோல் மரத்தின் ரேகையோடு பிளந்து கழன்றுவிடும். அதற்குப் பதிலாகக் கனமான எஃகுத் தகட்டை வைத்து, 75 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகாணிகளால் நிலையையும் கடந்து அதன் பின்னால் இருக்கும் சட்டத்திலோ சுவரிலோ இறுக்கினால், நெம்பும் விசை ஓரங்குல மரத்தில் குவியாமல் சுவர் முழுவதும் பரவும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருந்தால் துளையிட்டு, அதற்கேற்ற உறையைச் செருகிய பிறகே திருகாணியை ஏற்ற வேண்டும். பிளந்த நிலையை வெறும் பசையும் ஆணியும் போட்டு ஒட்டவைக்க யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்தப் பகுதியை அறுத்தெடுத்துப் புதுக் கட்டை பதித்து, உட்புறம் நீளமான எஃகுப் பட்டை கொடுத்தால்தான் பழைய வலிமை திரும்பும்.

அடுத்து நாக்கைப் பாருங்கள். கதவைச் சாத்தினாலே தானாக விழும் சரிவான நாக்கு, கதவை மூடிவைக்க மட்டுமே உதவும். வளையும் பிளாஸ்டிக் அட்டையால்கூட அதைப் பின்னுக்குத் தள்ள முடிகிற அமைப்புகள் உண்டு. சாவியைத் திருப்பினால் வெளிவரும் சதுரமான நாக்குதான் காவல். அது நிலைக்குள் குறைந்தது 25 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். உங்கள் கதவில் சாவி நுழையும் பகுதி நீள்வட்ட சிலிண்டராக இருந்தால், அது கைப்பிடித் தகட்டைவிட எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டியிருந்தால் அதைப் பற்றி ஒடிப்பது எளிது, ஏனென்றால் சிலிண்டரின் நடுவில் திருகாணி போகும் இடத்தில் உலோகம் மிக மெலிந்திருக்கும். சரியான நீளத்தில், முன்பகுதி மட்டும் முறிந்து உட்பகுதி பூட்டியபடியே நிற்கும் வகையில் செய்த சிலிண்டர்கள் கிடைக்கின்றன.

கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் கீல்களின் ஆணிகள் வெளியே தெரியும். அவற்றைத் தட்டிக் கழற்றினாலும் கதவு பெயராதபடி, கீல் பக்கத்திலும் நிலைக்குள் இறங்கும் எஃகு முளைகளைப் பதிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் கதவுகளைச் சோதிக்கும் இ.என். 1627 என்ற தர அளவீட்டில், இரண்டாம் வகுப்புக் கதவு திருப்புளி, குறடு, ஆப்பு போன்ற எளிய கருவிகளுக்கு 3 நிமிடமும், மூன்றாம் வகுப்புக் கதவு கடப்பாரையையும் சேர்த்து 5 நிமிடமும் தாங்கினால் போதும். எவராலும் திறக்க முடியாத கதவு என்று அந்தச் சோதனையே கோருவதில்லை. சில நிமிடங்கள் ஓசையோடு போராட வைப்பதுதான் கதவின் வேலை. பொறுமையற்றவன் அதற்குள் விலகிவிடுவான், பொறுமை உள்ளவனை யாராவது பார்த்துவிடுவார்கள். ஆகவே முதலில் பின்கதவு, உடனே அதே முறையில் முன்கதவு, அதற்குப் பிறகு தரைத்தள ஜன்னல்கள் என்பதே என் வரிசை.

மணிக்கூண்டு

மேலே எழுதிய ஐயாவின் வரிசையை நான் மாற்ற மாட்டேன். எச்சரிக்கை மணி, கேமரா பொருத்துவது என் வேலை. அப்படியிருந்தும், பிளந்த நிலையோடு இருக்கும் வீட்டுக்கு முதலில் கேமரா வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், கதவைப் பிடித்துக்கொள்ளாது.

கதவு வேலை முடிந்த பிறகு எச்சரிக்கை அமைப்பை நாடுவீர்களானால், ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். கதவிலும் ஜன்னலிலும் ஒட்டும் காந்த உணரி, கதவு விலகிய பிறகுதான் குரல் கொடுக்கும். அசைவை உணரும் கருவி அதற்கும் பிந்தி, ஆள் கூடத்துக்குள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் விழிக்கும். நிலையிலோ ஜன்னல் சட்டத்திலோ பொருத்தும் அதிர்வு உணரி, நெம்பத் தொடங்கியதுமே மணியை அடிக்கும். அவன் இன்னும் வெளியே நிற்கும்போதே ஓசை எழுவதுதான் உங்களைப் போல் முதியவரும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்குத் தேவை. எனவே அதிர்வு உணரிக்கே முதலிடம் தாருங்கள்.

அசைவை உணரும் கருவி நம் உடல் வெளியிடும் அகச்சிவப்பு வெப்பக் கதிரின் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. அதன் பார்வையைக் குறுக்கே கடப்பவரை எளிதில் உணரும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகவே உணரும். ஆகையால் கதவுக்கு எதிரே வைக்காமல், ஏறக்குறைய 2 மீட்டருக்குச் சற்று மேலாக, நடைபாதையைப் பக்கவாட்டில் பார்க்கும் மூலையில் வைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிரை மறைத்துவிடும் என்பதால், ஜன்னலுக்கு உள்ளே வைத்துத் தோட்டத்தைக் காவல் காக்க அதால் முடியாது. அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நாட்களில் அதன் கூர்மை குறையும். வெயிலும் வெப்பக் காற்றும் நேரே படும் இடத்தில் வைத்தால் காரணமின்றி மணி அடிக்கும். பொய்யாக நான்கு முறை அடித்த மணியை ஐந்தாம் முறை அக்கம்பக்கத்தார் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டாரே அணைத்து வைத்துவிடுகிறார்கள். இதை எத்தனையோ வீடுகளில் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

கேமராவைப் பற்றி இரண்டு செய்திகள். கூரை உயரத்தில் வைத்தால் தலைமுடியும் தொப்பியும்தான் பதிவாகும். முன்பின் அறியாத ஒரு முகத்தை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் (பிக்சல்கள்) வேண்டும் என்பது கண்காணிப்புத் துறையில் பின்பற்றும் அளவு. 1920 புள்ளி அகலமுள்ள கேமரா ஏழரை மீட்டருக்கு மேல் பரந்த காட்சியைப் பிடித்தால் அந்தத் தரம் கிடைக்காது. எனவே நான்கு பக்கமும் பரப்புவதைவிட, வருகிறவர் கடந்தே ஆக வேண்டிய வாசல் ஒன்றில், முக உயரத்துக்கு அருகில் ஒன்றை ஒழுங்காக வைப்பது மேல். இரண்டாவது, கேமராவோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து கெடுக்கும் கணினி நிரல்), தொழிற்சாலையில் வைத்த ஏறக்குறைய 60 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை முயன்று பார்த்தே உலகெங்கும் கணக்கற்ற கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. வீட்டைக் காக்க வைத்த கண் வழியே அயலார் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

ஏணிக்காரன்

நான் தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாமியாரின் கவலையும் பூட்டு விற்றவரின் யோசனையும் எனக்கு அச்சமூட்டுகின்றன, அதனால்தான் எழுதுகிறேன்.

உள்ளிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு எதற்காக வந்தது என்றால், கதவிலோ அருகிலோ உள்ள கண்ணாடியை உடைத்துக் கைவிட்டு உட்தாழ்ப்பாளைத் திருப்புவதைத் தடுப்பதற்காக. காரணம் சரிதான். ஆனால் இரவில் தீப்பிடித்து, கூடம் முழுவதும் கரும்புகை இறங்கி, விளக்கும் அணைந்துவிட்ட நேரத்தில், அந்தச் சாவி எங்கே என்று ஒரு குழந்தை தேடுவதை எண்ணிப் பாருங்கள். இன்றைய வீடுகளில் உள்ள நுரை மெத்தையும் செயற்கை இழைத் துணியும் பற்றினால், வெளியேறக் கிடைப்பவை சில நிமிடங்கள்தான். புகைக்குள் தவழ்ந்து கதவுவரை வந்து, அதைத் திறக்க முடியாமல் அதன் அடியிலேயே விழுந்து கிடந்தவர்களை நான் என் கைகளால் தூக்கியிருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இயலவில்லை.

உட்புறம் சாவியின்றிக் கையால் திருப்பித் திறக்கும் பூட்டையே எல்லா வெளிக்கதவுகளுக்கும் போடுங்கள். கண்ணாடிதான் பலவீனம் என்றால் கண்ணாடியை மாற்றுங்கள்; இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்தைவிட்டு உதிராது. வெப்பத்தால் கடினமாக்கிய கண்ணாடி அடியைத் தாங்கும், ஆனால் உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும் என்பதால் திருட்டுக்கு எதிராக அது அவ்வளவு பயன்படாது. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: படலம் ஒட்டிய கண்ணாடியை உள்ளிருந்து உடைத்து வெளியேறுவதும் கடினம். ஆகவே தப்பிக்கும் வழியாக நீங்கள் குறித்து வைத்திருக்கும் ஜன்னல் திறக்கக் கூடியதாகவே இருக்க வேண்டும்.

கிராதியும் அப்படியே. சமையலறை, கழிவறை போன்ற சிறு ஜன்னல்களுக்கு நிலையான கிராதி இருக்கட்டும். ஆனால் உறங்கும் அறை ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னலின் கிராதியாவது கீல் வைத்து, உள்ளிருந்து சாவியும் கருவியும் இன்றி ஒரே இழுப்பில் திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் விடுவிப்புக் கைப்பிடி வெளியிலிருந்து கையோ கம்பியோ எட்டாத தொலைவில் அமைய வேண்டும். உங்கள் மாமியாரே, உதவியின்றி, இருட்டில் அதைத் திறந்து பார்க்கட்டும். அவரால் முடியவில்லை என்றால் அந்தக் கிராதியை வாங்காதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி வீட்டில் இல்லையென்றால், திருட்டு மணிக்கு முன்பே அதைப் பொருத்திவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுவாசல்

மூவருக்கும் என் நன்றி. ஏணிக்காரர் ஐயா எழுதியதை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்; நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அறைக் கிராதியைத் தானே திறந்து பார்த்துத்தான் சம்மதிப்பேன் என்று சொல்லிவிட்டார். முன்கதவுத் தகட்டின் திருகாணியைக் கழற்றினேன். 18 மில்லிமீட்டர்தான் இருந்தது. சிலிண்டர் 6 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இதை நம்பியா உறங்கினோம் என்று மலைப்பாக இருக்கிறது.

மனத்தை அரிக்கும் இன்னொரு கேள்வி உண்டு. ஒருமுறை வந்தவர்கள் மீண்டும் வரமாட்டார்கள், எடுக்க இனி ஒன்றுமில்லை என்று உறவினர் பலர் ஆறுதல் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

சுற்றுச்சுவர்

சகோதரி, ஆறுதலுக்காக உண்மையை மறைப்பது உங்களுக்கு உதவாது என்பதால் நேராகவே சொல்கிறேன். குற்றவியல் கற்பிப்பவன் நான். ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடியும் நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம்; அதிலும் முதல் சில வாரங்களில் மிக அதிகமாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறையும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது. முதல் முறை வந்தவனுக்கு உள்ளமைப்பு தெரிந்துவிட்டது, எந்த வழி எளிது என்று தெரிந்துவிட்டது, தூக்க முடியாமல் விட்டுச் சென்ற பொருளும் நினைவில் இருக்கிறது. போன பொருளுக்குப் பதிலாகப் புதியது வாங்கி வைத்திருப்பார்கள் என்ற கணக்கும் அவனுக்கு உண்டு. முதலில் இழுத்த பலவீனம் சரிசெய்யப்படாமல் இருந்தால், அதே பலவீனம் வேறொருவனையும் இழுக்கும்.

ஆனால் இதில் நம்பிக்கை தரும் பகுதியும் இருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1986இல் தொடங்கிய திட்டம், எல்லா வீடுகளையும் ஒரே அளவில் காக்க முயலாமல், ஏற்கனவே திருட்டு நடந்த வீடுகளைத் தேடிச் சென்று உடனடியாகப் பலப்படுத்தியது. திருடர்களை ஈர்த்துவந்த, நாணயம் போட்டு இயக்கும் எரிவாயு, மின்சார மீட்டர்களை அகற்றியது. அதோடு, பாதிக்கப்பட்ட வீட்டைச் சுற்றியுள்ள சில வீட்டாரை மட்டும் அழைத்து, இந்த ஒரு வீட்டின்மீது கண் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டது. மூன்று ஆண்டுகளில் அக்குடியிருப்பின் வீட்டுத் திருட்டுகள் முக்கால் பங்கு குறைந்தன.

உங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது, அண்டை வீட்டாரிடம் இன்றே பேசுங்கள் என்பதுதான். நடந்ததை மறைக்க வேண்டாம். எந்தப் பக்கமாக வந்தார்கள் என்று காட்டி, அந்தப் பக்கம் பார்வை படும் வீட்டார் இரண்டு மூன்று பேரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். 1979இல் சமூகவியலாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் வகுத்த கோட்பாட்டின்படி, திருட நினைப்பவன், எடுக்கத்தக்க பொருள், காப்பவர் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூட வேண்டும். முதலாவதை உங்களால் மாற்ற இயலாது. மூன்றாவதை ஒரு மாலை நேர உரையாடலில் மாற்றிவிடலாம், செலவும் இல்லை. வெளியூர் போகும்போது கூடத்து விளக்கு வெவ்வேறு நேரங்களில் எரிந்து அணையும்படி நேரக்கருவி வைப்பது, வாசலில் சேரும் தபாலை ஒருவர் எடுத்து வைப்பது, பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகே இணையத்தில் பகிர்வது ஆகியனவும் இதே வகையைச் சேர்ந்தவை. சுவர் ஏற உதவும் ஏணியையும், கதவை நெம்ப உதவும் தோட்டக் கருவிகளையும் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

மீதமிருக்கும் மின்னணுப் பொருள்களின் வரிசை எண்களை எழுதி, படமும் எடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்திருங்கள். கைபேசியில் நட்சத்திரம் (*), சதுரக்குறி (#), 06, சதுரக்குறி (#) என்று அழுத்தினால் அதன் 15 இலக்க அடையாள எண் தெரியும். கைக்கடிகாரத்தின் பின்புறத்தில் எண் இருந்து, பழைய படமோ பழுதுபார்த்த ரசீதோ கிடைத்தால், அதைக் காவல் நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். இத்தகைய அடையாளம் இல்லாததால்தான் மீட்ட பொருள் சில நேரம் உரியவரிடம் திரும்பாமல் போகிறது.

இன்னொன்று, மறுபடி என்றாவது திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் தயவுசெய்து உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று காவல் துறையை அழையுங்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

புதுவாசல்

ஐயா, உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அறிந்து அஞ்சுவது, அறியாமல் அஞ்சுவதைவிடத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. நேற்று பின்கதவு நிலையில் புதுக் கட்டையும் எஃகுப் பட்டையும் பதித்தார்கள். இரண்டு கதவுகளிலும் நீளத் திருகாணி ஏறிவிட்டது, சிலிண்டரும் மாற்றியாயிற்று. இருபக்கச் சாவிப் பூட்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பக்கத்து வீட்டு அம்மா, அன்று இரவு ஏதோ முறியும் ஓசை கேட்டதாகவும், யாரை அழைப்பது என்று தெரியாமல் இருந்துவிட்டதாகவும் சொல்லிக் கண் கலங்கினார். இப்போது அவரிடம் எங்கள் எண் இருக்கிறது. கிராதி அடுத்த வாரம் வருகிறது. பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு ஒன்று மாடி முற்றத்தில் இருக்கிறது, அதை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உளியும் இழைப்புளியும்

நகரும் கதவில் இரண்டு ஓட்டைகள் உண்டு, அம்மா. கொக்கிப் பூட்டு மெலிதாக இருக்கும். கதவைத் தூக்கினால் தடத்திலிருந்தே கழன்றும் வரலாம். கீழ்த் தடத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் மிஞ்சும் இடைவெளியின் நீளத்துக்குச் சரியாக ஒரு கட்டையை வெட்டி வைத்தால், கொக்கி உடைந்தாலும் கதவு நகராது. மேல் தடத்துக்குள் இரண்டு மூன்று திருகாணிகளை, கதவு உரசாமல் ஓடும் அளவுக்குத் தலை நீட்டியபடி இறக்கினால் தூக்கவும் முடியாது. கட்டையை உங்கள் மகளாலும் குனிந்து எடுக்க முடிய வேண்டும், அதனால் இறுக்கமாக வெட்டாதீர்கள். பின்கதவில் பதித்த புதுக் கட்டை காய்ந்து சற்றே சுருங்கும்; இரண்டு மாதம் கழித்து அந்தத் திருகாணிகளை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.